பழைய ஆக்டேவியா காம்பிக்குள் மழைநீர் இறங்கும் வழி: கண்டறிவதும் அடைப்பதும்

கேள்வியின் சுருக்கம்: 2005ஆம் ஆண்டு மாடல் ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, சென்னையில் வீட்டு வாசலில் மரத்தடியில் நிற்கிறது. ஐப்பசி மழை தொடங்கியது முதல் இடப்புறப் பின்னிருக்கையின் காலடியில் கார்ப்பெட் ஊறிக் கிடக்கிறது. ஸ்டெப்னி பள்ளத்தில் 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. காலையில் எல்லாக் கண்ணாடிகளும் உட்புறம் வியர்த்திருக்கின்றன. டிக்கிக் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசியும் பயனில்லை. வேறென்ன செய்யலாம்?

நீங்கள் சொல்லும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால், உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கசிவு அல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கசிவுகள் என்றே தோன்றுகிறது. பின்னிருக்கையின் காலடித் தரைக்கும் ஸ்டெப்னி பள்ளத்துக்கும் நடுவில், இருக்கை அமர்ந்திருக்கும் தகடு மேடாக எழும்பி நிற்கிறது. அந்த மேட்டைத் தாண்டி ஒரு பக்கத்துத் தண்ணீர் மறு பக்கத்துக்குப் போவதற்கு வழி கிடையாது. ஆகவே இரண்டையும் தனித்தனி வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்று நிற்கவில்லையே என்று முதல் வேலையையும் சந்தேகிப்பதுதான் இத்தகைய வண்டிகளில் பணமும் நாளும் விரயமாவதற்கு முதற்காரணம்.

முதலில், வந்திருப்பது மழைத் தண்ணீர்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு நெடுந்தூரம் ஓட்டிய பிறகு முன்பக்கத் தரை நனைந்தால், அது ஏசியின் வடிகால் குழாய் அடைபட்டு உள்ளே திரும்பும் தண்ணீர். வண்டியின் அடியில் வழக்கமாகச் சொட்டும் தண்ணீர் சொட்டவில்லை என்பதே அதற்குச் சாட்சி. தொட்டால் பிசுபிசுப்பும் லேசான இனிப்பு வாடையும் இருந்து, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல ஆவி படிந்தால், அது ஹீட்டர் கோரிலிருந்து (உட்புறத்தைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) வரும் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். உங்களுக்கு மழைக்குப் பிறகு மட்டும், அதுவும் பின்பாதியில் நனைவதால் இவ்விரண்டையும் ஒதுக்கிவிடலாம். ஆனால் பின்பக்க வாஷரின் தண்ணீரை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சோதனைக்கு முன் வண்டியின் உட்புறத்தைத் திறந்து காயவைத்தாக வேண்டும். இந்தக் கார்களில் கார்ப்பெட்டின் அடியில் சத்தத்தை அடக்குவதற்காகத் தடித்த நுரை மெத்தை ஒட்டப்பட்டிருக்கும். மேலே தொட்டால் ஈரப்பதம் மாத்திரம் தெரியும்போதே அடியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும், கையால் அமுக்கினால் விரலிடுக்கில் பொங்கி வரும். அந்த ஈரத்தோடு சோதனை செய்தால் புதிதாக வந்த துளி எது, பழைய ஈரம் எது என்று பிரித்தறிய முடியாது. பின்னிருக்கையின் அடிப்பகுதியைத் தூக்கி எடுங்கள்; கதவடியில் உள்ள பிளாஸ்டிக் படிப்பட்டியைக் கழற்றி, கார்ப்பெட்டை ஓரத்திலிருந்து தூக்கி மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். முன்னிருக்கையையும் கழற்ற வேண்டிவந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்தே இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற கனெக்டரைத் தொடுங்கள். அது பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போகும் வயர். அது கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கி, ஸ்கேனர் வைத்து அழிக்கும்வரை அணையாது.

டிக்கியிலும் இதே போல எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் அகற்றி, இரு பக்கத்துப் பிளாஸ்டிக் பேனல்களைக் கழற்றித் தகடு கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். இந்த வயதில் பிளாஸ்டிக் கிளிப்புகள் நொறுங்கும். ஒரு டஜன் புதிய கிளிப் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இனி சோதனை. பலரும் செய்வதைப் போல, வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் பிரஷர் கன்னால் அடித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அழுத்தம் மழை ஒருபோதும் நுழையாத சந்துகளிலும் தண்ணீரைப் புகுத்திவிடும். நீங்கள் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சாதாரணத் தோட்டக் குழாயை, முனையை விரலால் அழுத்தாமல், தண்ணீர் தானாக வழியும் அளவுக்குத் திறந்தால் போதும். கீழிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும் என்பது இங்கே முக்கியம். மேலே ஊற்றினால் வழியில் உள்ள எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகியது என்று தெரியாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். சந்தேகப்படும் தகட்டின் மீது முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி வைத்தால், ஒரே ஒரு சொட்டு ஓடினாலும் வெண்பரப்பில் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம். தேங்கிய இடத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தகட்டின் மடிப்பு, வயர் செல்லும் தடம், தூணின் உள்வெற்றிடம் ஆகியவற்றின் வழியாகத் தண்ணீர் ஒரு மீட்டருக்கு மேலும் பயணம் செய்த பிறகே கண்ணில் படும். வண்டி எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைப் பொறுத்தும் அது மாறும். உங்கள் வாசலில் நிற்பது போலவே, மூக்கு மேடாகவோ தாழ்வாகவோ நிறுத்திச் சோதிப்பது சரி.

இடப்புறப் பின்கதவிலிருந்து தொடங்குங்கள். காலடி நனைவதற்குப் பெரும்பாலும் கதவின் ரப்பர் பீடிங்கைத்தான் குற்றம் சொல்வார்கள். இந்த வண்டியில் எனக்கு அதைவிடக் கதவின் உட்புறத்தின் மீதே சந்தேகம் அதிகம். கதவுக்குள் மழைநீர் போவது இயல்பானது. கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் நீரில் ஒரு பங்கு, கண்ணாடி இறங்கும் சந்தில் உள்ள ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகள் வழியாகத் தெருவில் விழ வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. அந்த ஈரப் பகுதியையும், உங்கள் கை படும் டோர் பேட்டையும் பிரிப்பதற்கு நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். பல கார்களில் அது பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் தாள். இந்த ஆக்டேவியாவிலும், இதே அடித்தளத்தில் உருவான நான்காம் தலைமுறை கோல்ஃபிலும் கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறிமுறையைத் தாங்கும் ஒரு தகடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு நுரைப் பட்டை ஓடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிட்டு, மீதி மாதங்களெல்லாம் வெயிலில் வாட்டும் ஊரில், அந்த நுரை உலர்ந்து பொடியாவதில் வியப்பில்லை. பொடிந்த இடத்தில் தண்ணீர் டோர் பேட்டின் பக்கம் வந்து, பீடிங்குக்கு உட்புறமாகப் படியில் சொட்டி, கார்ப்பெட்டின் அடியில் இறங்கிவிடும்.

இதை உறுதி செய்வது எளிது. டோர் பேட்டின் அடிவிளிம்பு நெடுகிலும் டிஷ்யூ தாளை ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்தி, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மெதுவாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். படியில் பீடிங்குக்கு வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் கதவு தன் வேலையைச் செய்கிறது. டிஷ்யூ நனைந்திருந்தால் தகட்டின் நுரை போய்விட்டது. அதோடு கதவின் அடியில் உள்ள துளைகளையும் பாருங்கள். மண் அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி மட்டம் உயரும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் குச்சியால் அவற்றைக் குத்திவிடுவது ஒரு நிமிட வேலை.

நுரை போயிருந்தால், டோர் பேட்டைக் கழற்றி, கண்ணாடியை மேலே ஏற்றிய நிலையில் நாடா ஒட்டி நிறுத்திவிட்டு, தகட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி வெளியே எடுக்க வேண்டும். பழைய நுரையை முழுவதுமாகச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் இடத்தில் பியூட்டைல் நாடாவை இடைவெளி விடாமல் ஒரே வளையமாக ஒட்டிப் பொருத்துங்கள். நாடாவின் இரு முனைகளும் சேரும் இடம் தகட்டின் மேற்பகுதியில் இருக்கட்டும், அடியில் வேண்டாம். தகட்டைக் கழற்றத் தயங்கும் மெக்கானிக்குகள் விளிம்பைச் சுற்றி வெளியிலிருந்து பாலியூரித்தேன் சீலண்ட் இழுத்துவிடுவதுண்டு. விளிம்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் செய்தால் அதுவும் நிற்கும், ஆனால் அடுத்த முறை கண்ணாடி மோட்டார் பழுதாகும்போது தகட்டைப் பிரிப்பது பெரும்பாடு. ஸ்பீக்கரின் விளிம்பையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். வெளிச்சந்தை ஸ்பீக்கர் மாட்டப்பட்டிருந்தால் அடியில் கேஸ்கெட் இல்லாமல் திருகியிருப்பார்கள். ஒரு கதவில் நுரை போயிருந்தால் மற்ற மூன்றும் அதே வயதுடையவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இனி டிக்கி. செடானோடு ஒப்பிட்டால், உங்கள் காம்பி போன்ற எஸ்டேட் காரின் பின்பாதியில் கூரை நீளம், கண்ணாடி அதிகம், கூரையிலேயே கீல் போட்டுத் தொங்கும் பெரிய கதவு வேறு. ஆகவே தண்ணீர் நுழைவதற்கான இடங்களும் அதிகம். கீழிருந்து மேலே என்ற முறைப்படி, முதலில் பம்பருக்குப் பின்னால், இரு ஓரங்களிலும் உள்ள காற்றுப் போக்கிகளைப் பாருங்கள். கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக, மெல்லிய ரப்பர் மடல்களோடு அமைந்த பிளாஸ்டிக் சட்டங்கள் அவை. டிக்கியின் பக்கப் பேனலைக் கழற்றினால் உட்புறமிருந்து தெரியும். சட்டத்தைச் சுற்றியுள்ள நுரை போயிருந்தால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் உள்ளே வரும். வண்டி எப்போதாவது பின்னால் இடிபட்டு டிங்கரிங் பார்க்கப்பட்டிருந்தால் இந்தச் சட்டம் சரியாக அமராமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. தேங்கிய வெள்ளத்தில் வண்டியை ஓட்டிய பழக்கம் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

அடுத்தது டெயில் லைட். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள நுரை கேஸ்கெட் நசுங்கிப் போவது மிகச் சாதாரணம், ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதற்கு என் அனுபவத்தில் அதிகம் காரணமாவதும் இதுதான். உட்புற நட்டைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்தால், கேஸ்கெட்டின் மீது தண்ணீர் கடந்த இடத்தில் மட்டும் அழுக்கு வரி ஓடியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். புதிய கேஸ்கெட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பியூட்டைல் நாடா போதும். நட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

அதற்கு மேலே, கூரையில். வெளியிலிருந்து பார்த்தால் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் கோட்டின் மேல் கறுப்பு ரப்பர் பட்டை தெரியும். அதன் அடியில் உள்ள சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை) வெடித்திருந்தால், நீர் கடைசித் தூணின் உள்ளே இறங்கி, எந்தத் தடயமும் காட்டாமல் நேராக ஸ்டெப்னி பள்ளத்தில் சேரும். கூரைத் தண்டவாளம் (கேரியர் கட்டுவதற்கான நீளக் கம்பி) பொருத்திய போல்ட்டுகளின் அடியிலும் கேஸ்கெட் இருக்கும். கேரியர் கட்டி அடிக்கடி சுமை ஏற்றிய வண்டிகளில் அது நசுங்கிவிடும். கூரையின் உள்துணியில், தண்டவாளத்தின் காலுக்கு நேர் கீழே தேநீர் நிறத்தில் கறை வட்டம் இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. அதே கறை ஆன்டெனாவைச் சுற்றி இருந்தால் ஆன்டெனாவின் அடி ரப்பர்.

பின் வாஷர் குழாயைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? முன்னால் உள்ள தொட்டியிலிருந்து வண்டியின் நீளம் முழுவதும் ஓடிவரும் மெல்லிய குழாய், கூரையிலிருந்து டிக்கிக் கதவுக்குள் நுழையும்போது ஒரு ரப்பர் துருத்தியின் வழியே வயர்களோடு சேர்ந்து போகிறது. கதவை ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் அந்த வளைவில் குழாய் வெடிக்கும் அல்லது இணைப்பு கழன்றுவிடும். பிறகு வாஷரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கூரை உள்துணிக்கு மேலே பீய்ச்சும். மழைக்காலத்தில்தான் வாஷரை அதிகம் பயன்படுத்துகிறோம் என்பதால் அதை மழைக் கசிவு என்றே எல்லோரும் நினைப்பார்கள். வாஷர் தொட்டியில் ஒரு சிட்டிகை உணவு நிறமூட்டியைக் கலந்து விடுங்கள். ஸ்டெப்னி பள்ளத்தில் நிறம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. துருத்தியைத் திறக்கும்போது அதனுள் இருக்கும் வயர்களையும் பாருங்கள். நம்பர் பிளேட் விளக்கோ டிக்கிப் பூட்டோ மக்கர் செய்துகொண்டிருந்தால் உறை வெடித்த வயர் அங்கேதான் இருக்கும்.

டிக்கிக் கதவின் பீடிங்கைச் சோதிக்கத் தண்ணீரே வேண்டாம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள்; சுற்றுமுழுவதும் ஒரே அளவு பிடிமானம் இருக்க வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. ஓடும் எஸ்டேட் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் தூசி அங்கே சுழன்று ஒட்டும். கோடையில் பீடிங்கைத் தாண்டி உட்பக்கம் படிந்த செம்மண் கோடு, மழையில் எங்கே ஒழுகும் என்பதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்திருக்கும். புதிய பீடிங் வாங்குவதற்கு முன், பூட்டின் கொக்கியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, ஓரத்து ரப்பர் முட்டுகளைத் திருகிச் சரிசெய்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால் காற்றை வைத்துத் தேடலாம். காற்றுப் போக்கிகளை உள்ளிருந்து நாடா ஒட்டி மூடிவிட்டு, எல்லாக் கதவுகளையும் சாத்தி, வெளிக்காற்று இழுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறும். வெளியே இணைப்புக் கோடுகளின் மீது சோப்பு நுரையைப் பஞ்சால் தடவினால், சந்து உள்ள இடத்தில் குமிழி விடும், பஞ்சர் பார்ப்பதைப் போலவே. முடிந்ததும் நாடாவை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

முன்பக்கம் இப்போது நனையவில்லை என்றாலும், மரத்தடியில் நிற்கும் வண்டி என்பதால் ஒரு வார்த்தை. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தின் வடிகால்கள் தூங்குமூஞ்சி, குல்மொஹர், புளி போன்ற மரங்களின் பொடி இலைகளால் மிக எளிதில் அடைபடும். பெரிய இலை கம்பிச் சட்டத்திலேயே நின்றுவிடும். இந்தப் பொடி இலைதான் உள்ளே புகுந்து சேறாகி உறையும். அங்கே நீர் மட்டம் உயர்ந்தால், பயணியின் பக்கம் உள்ள காற்று வடிகட்டிப் பெட்டியின் விளிம்பு வழியாக இடது முன் காலடியில் இறங்கும். ஆண்டுதோறும் புரட்டாசியில் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்துவிடுங்கள். சன்ரூஃப் இருந்தால், அதன் தட்டின் நான்கு மூலைகளிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, முன் இரண்டும் கதவுக் கீலின் அருகிலும், பின் இரண்டும் பம்பரின் பக்கமும் வெளியேறுகின்றனவா என்று பாருங்கள். அடைத்திருந்தால் புல்வெட்டியின் நைலான் இழையைச் செலுத்துங்கள். கம்ப்ரெஸர் காற்றை அடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும்.

டிக்கிக் கண்ணாடியைச் சுற்றிப் பூசிய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வினிகர் வாடை வீசும் வகை சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். கீறல் பட்ட தகட்டில் அது துருவுக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். அதன் மேல் பெயிண்டும் நிற்காது, வேறு சீலண்டும் ஒட்டாது. கண்ணாடியே ஒழுகுவது சோதனையில் தெரிந்தால், அதை அறுத்தெடுத்துப் புதிய யூரித்தேன் போட்டு ஒட்டுவதுதான் மருந்து. தகட்டு இணைப்புகளுக்குப் பாலியூரித்தேன் சீம் சீலர், பிரித்துப் பூட்ட வேண்டிய பாகங்களுக்குப் பியூட்டைல் நாடா. எபாக்ஸி புட்டியை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். எஸ்டேட்டின் நீண்ட உடல் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும், அப்போது புட்டி விரிசல் விடும்.

கசிவு நின்ற பிறகு உலர்த்துவதில் அவசரம் கூடாது. ஈரத்தை உறிஞ்சும் வேக்கூமால் நுரையை அழுத்தி அழுத்தி இழுத்துவிட்டு, முட்டுக் கொடுத்த கார்ப்பெட்டின் அடியில் டேபிள் ஃபேன் காற்றைப் பாய்ச்சுங்கள். பகலில் வெயில் கிடைக்கும் நேரத்தில் கதவுகளைத் திறந்து வையுங்கள். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், ஏசியை ஓடவிட்டு உலர்த்துவது ஃபேனைவிட விரைவானது. அடியில் தகடு துருப்பிடித்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, துருமாற்றி பூசி, எபாக்ஸி பிரைமரும் பெயிண்டும் அடியுங்கள். தரையில் உள்ள ரப்பர் மூடிகளின் விளிம்பை விரல் நகத்தால் கிளப்பிப் பாருங்கள், துரு அங்கிருந்துதான் பரவும். ஸ்டெப்னி பள்ளத்து ரப்பர் மூடியைத் தண்ணீர் தானாகப் போகட்டும் என்று நிரந்தரமாகக் கழற்றி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. வெள்ளம் தேங்கிய தெருவில் அதே துளை வழியாகத் தண்ணீர் மேலேறி வரும் என்பதால், மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். பேனல்களை மட்டும் அடுத்த இரண்டு கனமழை வரை மாட்டாமல் விட்டு, தகட்டின் மீது பவுடரைத் தூவி வைத்து, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் டார்ச் அடித்துப் பாருங்கள்.